என் போனில் அவன் முகம்

9, சனி

காலையிலிருந்து தூறல். பெக்டரியில் ஓ.டி. இல்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் கண்டி டவுன். வாங்க வேண்டியவை: கடலைப்பருப்பு, மகள் தரணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட வெள்ளைச் சப்பாத்து, இவருக்கு பிரஷர் குளிசை, போன்.

பருப்பை மறந்துவிட்டேன். போனை மறக்கவில்லை.

கடைக்காரத் தம்பி மூன்றை எடுத்து வைத்தான். மலிவானது ஒன்று, தொடவே பயமானது ஒன்று, நடுத்தரமாக ஒன்று. நடுவில் இருந்ததைக் காட்டினேன்.

"நல்ல சாமான்க்கா. மகனுக்கா?"

"இல்ல."

"மகளுக்கா?"

"எனக்கு."

பெட்டியைக் கையில் எடுத்தான். "அப்படின்னா பெட்டிய ஒடச்சி எழுத்தப் பெருசா வெச்சித் தாறேன்." வேண்டாம், பெட்டியைத் திறக்காதே என்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தைத்து வருகிற சட்டைகளில் நாள் முழுக்கப் பிசகு தேடுகிற கண்.

பச்சை நிறம். எங்கள் வத்தேகம வரும்வரை பஸ்ஸில் பை மடியில், இரண்டு கையும் பையின் மேல். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றி, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, ஆற அமரத் திறக்க வேண்டும் என்று ஆசை. இந்த வயதில் முதன்முதலாகப் புதுப் பெட்டி.

தண்ணீர் கொதிப்பதற்குள் மகன் திறந்துவிட்டான். குசினியிலிருந்து வந்து பார்த்தால் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாள் தரையில் கிடக்கிறது. அதை உரிக்கத்தான் நான் அவ்வளவு தூரம் காத்திருந்தேன்.

"எல்லாம் செட் பண்ணிட்டேம்மா. பாருங்க." தன் முகத்துக்கு நேரே தூக்கினான். திறந்தது. "மூஞ்சியக் காட்டுனா போதும்."

யார் மூஞ்சி என்று கேட்டேன். "என்னோடத போட்டிருக்கேன். நீங்க வெரல வைங்க, ஒங்களுக்கு அதுவே லேசு." என் பெருவிரலைப் பிடித்து அழுத்தி அழுத்திப் பதிய வைத்தான். மழை விடவில்லை. துணி ஒன்றும் காயவில்லை.

10, ஞாயிறு

வெயில். நேற்றைய துணியும் இன்றைய துணியும் சேர்த்துக் காயப்போட்டேன்.

பகல் சாப்பாட்டில் மகன் ஆரம்பித்தான். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிக்காதீங்க. என் போன நீங்க எடுத்துக்கங்க, இத நான் வெச்சிக்கிறேன். ஒங்களுக்கு வாட்ஸ்அப்தானே."

இவர்: "அவன் வெளிநாட்டுக்குப் பாக்குறவன். இன்டர்வியூவெல்லாம் வீடியோலதான் நடக்குதாம். நீ பெக்டரியில லொக்கர்லதானே போட்டு வெக்கிற."

நியாயம்தான். என்னிடமிருந்து ஒன்றை எடுக்கும்போதெல்லாம் நியாயமாகத்தான் எடுப்பார்கள்.

இதுவரை என் கைக்கு வந்த போன்கள்:

- இவருடைய பட்டன் போன். ஐந்து வேலை செய்யாது. நம்பரில் ஐந்து இருக்கிற யாருக்கும் நான் கதைக்க முடியாது.
- மகனுடைய பழையது. வயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே சீனிப் போத்தலை வைத்தால்தான் சார்ஜ் ஏறும்.
- தரணி உடைத்தது. கண்ணாடி விரலைக் கீறும். மேலே செலோடேப். அதுதான் நேற்று வரை.

உடுப்பு பெரிய பிள்ளையிடமிருந்து சின்னப் பிள்ளைக்கு இறங்கும். போன் மட்டும் பிள்ளைகளிடமிருந்து தாய்க்கு இறங்கும். பெக்டரியில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே கதை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

"இல்ல" என்றேன்.

"என்னா இல்ல?"

"தர மாட்டேன்."

தரணி சோற்றுக்குள் குனிந்து சிரித்தாள். இவர் அப்பளத்தை உடைத்தார். மீன் குழம்பில் உப்பு கூடியதைக்கூட யாரும் சொல்லவில்லை.

12, செவ்வாய்

பல்லேகலை பெக்டரியில் வெக்கை. பகல் இடைவேளையில் லொக்கரைத் திறந்து போனை எடுத்தேன். விரல் வைத்தேன். திறக்கவில்லை. கழுவித் துடைத்து வைத்தேன். "மீண்டும் முயலவும்." நாள் முழுக்கத் துணியைத் தடவித் தடவி விரல் நுனி வழவழப்பாகிக் கிடக்கிறது, அதில் ரேகையை எங்கே தேடும் பாவம்.

பிறகு பூட்டு நம்பர் கேட்டது. நான்கு இலக்கம். என் பிறந்த நாள் போட்டேன், பிழை. கல்யாண நாள், பிழை. தரணி பிறந்த நாள், மகன் பிறந்த நாள், எல்லாம் பிழை. கொஞ்சம் பொறுத்து வா என்று போன் சொல்லிவிட்டது.

பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த பஸ்லியா எட்டிப் பார்த்தாள். என்னுடைய லைனில்தான் வேலை, வீடு கெலிஓயா.

"என்னக்கா, ஒங்கட போன் ஒங்களுக்கே தொறக்குதில்லையா?"

"மகன் மூஞ்சிக்குத்தான் தொறக்கும்."

சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். "எங்கட உம்மாக்கும் மூத்த மகன்ட, எங்கட நாநாட பழைய போன்தான். அவர் மாத்தினாத்தான் உம்மாக்கும் மாறும். நீங்க நம்பரக் கேட்டு வாங்குங்க. வாங்கி ஒங்கட மூஞ்சியப் போடுங்க."

பின்னேரம் மகனிடம் கேட்டேன்.

"நம்பர் எதுக்கும்மா? வெரல வெச்சாப் போதுமே."

"வெரல் விழல."

"கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க." எழுந்து வந்து, வாங்கி, முகத்துக்கு நேரே தூக்கி, திறந்து கையில் தந்தான். என் வீட்டுக் கதவை எனக்கே ஒருவர் திறந்துவிடுகிற மாதிரி. நம்பரைச் சொல்லவில்லை.

14, வியாழன்

இன்று விரல் விழுந்தது. இடைவேளை முழுக்கக் கெமரா.

என்னைப் படம் எடுத்தேன். பார்த்தால் யாரோ ஒருத்தி. வெளுப்பு. கன்னத்தில் அம்மைத் தழும்பு இல்லை. மூக்குக்கூடக் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. பஸ்லியாதான் சொன்னாள், அழகாக்குகிற ஒன்று தானாகவே போட்டிருக்கிறதாம். தேடிக் கண்டுபிடித்து நிறுத்தினேன். நான் கறுப்பு. மடுல்கெல்ல மலையில் பிறந்து வெயிலில் வளர்ந்த கறுப்பு. இவ்வளவு விலை கொடுத்து வேறு யாருடைய படத்தையோ எடுப்பதா?

மீண்டும் எடுத்தேன். தழும்போடு நன்றாகத்தான் இருக்கிறேன்.

பஸ்ஸில் முன் சீட்டுப் பிள்ளை யாருக்கோ போனில்: "அம்மாவுக்கு எதுக்குடி டேட்டா, எனக்குப் போட்டு விடு." காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. இறங்கும்போது "தள்ளுங்க ஆன்ட்டி" என்றாள்.

வாங்க வேண்டியவை: கடலைப்பருப்பு (இன்னும் வாங்கவில்லை), ஞாயிறு கல்யாணத்துக்குப் பூ, சட்டைக்குக் கொக்கி.

17, ஞாயிறு

மடுல்கெல்ல. அண்ணன் மகள் கல்யாணம். மேலே பனி, கோயில் மண்டபத்துக்குள் புகை. நான் பெண்ணுக்கு அத்தை, நலங்கு வைத்தது நான்தான். பிள்ளை அழகு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நலங்கு முடிந்து உள் அறையில் பெண்ணைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். படம் எடுக்கலாம் என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அண்ணி பார்த்துவிட்டார்.

"புதுசா? நிரோஷன் வாங்கிக் குடுத்தானா?" நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்களிடம் திரும்பிவிட்டார். "பாருங்கடி, குடுத்து வெச்சவ. பெத்தா இப்படிப் புள்ளையப் பெக்கணும்."

மகன் வாசலில் நின்றான், சோடாப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன். அவன் சொல்லிவிடுவான் என்று பார்த்தேன். தலையைக் குனிந்து சிரித்தான்.

"ஏதோ மாமி, நம்மளால முடிஞ்சது."

ஏன் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஹோட்டல் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் "என்னா செய்றான், என்னா செய்றான்" என்று அரிக்கிறார்கள். அண்ணி மகன் துபாயில். இவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டு எவ்வளவு காலம். நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நாளாவது தலை நிமிர்ந்து நடந்திருப்பான். அந்த நேரத்திலேயே இது எல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"இல்ல அண்ணி. நான் வாங்குனேன். என் சம்பளத்துல, எனக்குன்னு."

அண்ணி "அதுவும் நல்லதுதான்" என்று வெற்றிலைத் தட்டை அடுக்கப் போனார். மகன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மாரியாயி அக்கா, அண்ணன் வீட்டுப் பக்கத்து லயத்து வீடு, கொழுந்து பறிக்கிறவர், முன்னால் வந்து முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். "ஒன்னோட போன்தானே. அப்ப என்னைய ஒரு போட்டோ புடி. கல்யாணப் புள்ளையோட நிக்கிறேன்."

விரல் வைத்தேன். மஞ்சள் கை. திறக்கவில்லை. சேலையில் துடைத்து வைத்தேன். திறக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மகன் வாசலில். அவன் முகத்துக்கு நேரே நீட்டினால் போதும்.

நீட்டவில்லை.

"அப்பறமா எடுக்கிறேன்க்கா" என்று பைக்குள் போட்டேன். யாரோ சிரித்தது கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வாசலில் மகன் இல்லை. பஸ்ஸிலும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கல்யாணத்தில் என் போனில் ஒரு படமும் இல்லை.

18, திங்கள்

கால் வலி. லீவு போடவில்லை.

பூட்டைத் திறக்காமலே படம் எடுக்கலாமாம், பக்கத்துப் பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் சரியாம். பஸ்லியா இன்று சொல்கிறாள். நேற்றுத் தெரிந்திருக்கக் கூடாதா? மாரியாயி அக்காவுக்கு ஒரு படம் கடன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இவர் பிடித்துக்கொண்டார். "எல்லார் முன்னாலயும் புள்ளையக் கேவலப்படுத்திட்ட."

"நான் பொய் சொன்னேனா?"

"உண்மைய வீட்டுல சொல்லியிருக்கலாம்."

"வீட்டுல சொன்னேனே. யாரு கேட்டீங்க?"

இவர் எழுந்து போய் டீவியைப் போட்டார். மகன் நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. கடையில் கொத்து ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வந்தானாம், தரணி சொன்னாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவனுக்காகத்தான் அழுதேன். ஆனால் வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. வருத்தம் நிறைய இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவன் அப்பா செய்ததையெல்லாம் தான் செய்ததாகச் சொல்வானா? சொல்ல மாட்டான். என்னுடையது என்றால்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

19, செவ்வாய்

கடலைப்பருப்பு வாங்கியாகிவிட்டது. மழை.

பருப்பு ஊறப்போடும்போது தரணி பக்கத்தில் வந்து நின்றாள். வாசல் பக்கம் ஒரு பார்வை. பிறகு மெதுவாக:

"அம்மா, அண்ணன் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான் போடுவான். அவன் பொறந்த வருஷம்."

நாள் போட்டேன், மாதம் போட்டேன், வருஷம் போடத் தோன்றவில்லை. பிரசவ வார்டில் அத்தனை மணி நேரம் கிடந்து பெற்றவள் நான். அந்த வருஷத்தை எனக்கே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். சிரிப்பு வந்துவிட்டது. தரணியும் சிரித்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

போட்டேன். திறந்தது. அமைப்புகள், பாதுகாப்பு, முகம். "இந்த முகத்தை நீக்கவா?" என்று கேட்டது. விரல் அந்தரத்தில் நின்றது. போன்தானே கேட்கிறது, ஆனாலும் கேள்வி அப்படி. நீக்கு என்று அமுக்கினேன்.

பிறகு என்னுடையது. முகத்தை வட்டத்துக்குள் வை என்றது. வைத்தேன். வெளிச்சம் போதாது என்றது. குசினி லைட்டுக்குக் கீழே போய் நின்றேன். வியர்வை, பொட்டு பாதி அழிந்து, தலை கலைந்து. தரணி "பவுடர் போட்டுட்டு வாங்கம்மா" என்றாள். வேண்டாம். தினம் இப்படித்தானே இருப்பேன், இப்படியே தெரிந்துகொள்ளட்டும்.

நம்பரையும் மாற்றினேன். புது நம்பரை இங்கே எழுத மாட்டேன்.

"எனக்கு மட்டும் சொல்லுங்கம்மா" என்றாள் தரணி.

"ஒனக்கும் இல்ல."

முகம் சுருங்கியது. உதவி செய்தவள், கோபம் வரத்தான் செய்யும். வடை சுட்டுக் கொடுத்தேன், தின்றாள்.

20, புதன்

விடியற்காலை பனி. ரொட்டி. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது மகன் எழுந்து வந்தான். அலுமாரி மேல் இருந்த என் போனைப் பழக்கத்தில் எடுத்தான், செட் பண்ணிய அன்றே அதில் போட்டுக்கொண்ட தன் மெயிலில் இன்டர்வியூ ஏதும் வந்திருக்கிறதா பார்க்க. முகத்துக்கு நேரே தூக்கினான். போன் ஒரு உதறு உதறியது. மீண்டும் தூக்கினான். யன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் நின்று, தலைமுடியை ஒதுக்கி, மீண்டும்.

பிறகு குசினி வாசலுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் வாய் திறக்கிறான்.

"அம்மா, இதுக்கு என்னைய யாருன்னு தெரியலயாம்."

நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

"எனக்குத் தெரியும்டா. அதுக்குத் தெரியத் தேவையில்ல."

போனை மேசையில் வைத்தான். தட்டை நீட்டினேன். நின்றபடியே தின்றான். இன்னொரு ரொட்டி கேட்டான்.