சாம்பல் குதிரையின் கயிறு

கேரிக், அறுவடைக்கு மறுவாரம்.

என் அன்புக்குரிய கில்பிரைட் அவர்களுக்கு,

உங்கள் மரியோட்டா வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, நம் கோட்டைப் பாதிரியார் நெக்டன் எழுதுவது. கடவுள் கருணையால் நானும் குழந்தை டெர்வாவும் சுகம். சிலுவைப் போருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். உங்களையும் உங்கள் பால்சகோதரன் டூகலையும்தான் காணோம்.

ஓட்ஸ் கதிரில் பாதி மழையோடு போயிற்று. டெர்வாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் வாயையே திறக்க மாட்டாளாம்.

போன வாரம் துனிஸிலிருந்து நம் வீரன் ஏகன் வந்தான். "தலைவர் காய்ச்சல்ல போயிட்டாரும்மா, கண்ணால பாத்தேன்" என்று கூடத்தில் நின்று அழுதான். மறுநாளே மடத்துத் துறவிகள் லாயத்தில் நின்றார்கள். வீட்டுத் தலைவர் இறந்தால் சிறந்த கால்நடை மடத்துக்குத்தானே. உங்கள் சாம்பல் குதிரை லியாவைக் கேட்டார்கள். "செத்தவருக்கு எதுக்கும்மா குதிரை?" என்றார் துறவிகளில் பெரியவர். "உயிரோட இருக்கிறவருக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அதைக் கொடுத்தால் நான் விதவை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் என்னை யாருக்குக் கட்டிவைப்பது என்பது அரசர் முடிவு. பக்கத்துக் கோட்டை வில்லியம் இப்போதே வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்க்கிறார். "கூரை ஒழுகுதே, நான் வந்து சரி பண்ணிடறேன்" என்றார். "நனையறது நாங்கதானே, உங்களுக்கு ஏன் சளி பிடிக்குது?" என்று கேட்டு அனுப்பினேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. எத்தனை நாள் இப்படி வாயாலேயே விரட்டுவேன்?

ஏகனை மறுபடி கூப்பிட்டு முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். "முகமெல்லாம் வீங்கி அடையாளமே தெரியலம்மா. தோள்ல சிலுவை கோணலா தெச்சிருந்துச்சு, அத வெச்சுத்தான் சொல்றேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கோணல் என் தையல்தான். ஆனால் ஒன்றா தைத்தேன்? டூகலும் உங்களோடு ஒரே பால் குடித்து வளர்ந்தவன், "எனக்குக் கோணல் என்றால் அவனுக்கும் கோணல்தான் வேண்டும்" என்று அடம்பிடித்து இரண்டாவது மேலங்கியையும் அப்படியே தைக்க வைத்தது நீங்கள்தானே!

சிரித்துக்கொண்டே திரும்பினால், அடுப்படியில் பெத்தாக் அத்தை. டூகலைப் பெற்றவர், உங்களுக்கும் பாலூட்டியவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "யாரா இருந்தா என்னம்மா, ரெண்டும் என் பால் குடிச்சதுதான்" என்றார். கஞ்சி அடிப்பிடித்து நாறும்வரை கிண்டிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டால், வேறு என்ன கேட்டதாகும்?

நெக்டன் பாதிரியார் இறகுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத யாருக்கு எழுதறோம்னே தெரியலையேம்மா" என்கிறார். கடிதத்தை மடித்து, வெளிப்புறத்தில் உங்கள் இருவர் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். கம்பளி ஏற்றிப் போகும் கப்பல், துனிஸிலிருந்து திரும்பும் படை தங்கியிருக்கும் சிசிலி வரை கொண்டு சேர்க்குமாம்.

இந்தக் கடிதத்தைப் பிரிப்பவர் நீங்கள் என்றால் எதற்கும் நிற்காமல் கிளம்பி வாருங்கள். லியா கொழுத்துப்போய் யாரையும் ஏறவிடாமல் நிற்கிறது.

டூகல், பிரிப்பவன் நீ என்றால், என் முகத்தில் எப்படி விழிப்பது என்று அங்கேயே தங்கிவிடாதே. நீ பிழைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேராக வீட்டுக்கு வா, உன் அம்மா இருக்கிறார். வந்து நீ ஒரு வார்த்தை சொல். லியாவின் கயிற்றை என் கையாலேயே மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

மரியோட்டா