ஓலைக்கு ஆட்சேபணை

அன்புள்ள மகன் ஆசீருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் கடலூரில் நாங்கள் இருவரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. மஸ்கட்டில் நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சத்யப்பிரியா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், முழுதும் படி.

என் சார்பில் நீ இளவரசு மாமாவிடம் மன்னிப்பு கேட்டாயாமே. யாரைக் கேட்டுக் கேட்டாய்? நான் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை என்று இன்றைக்கே மாமாவுக்குச் சொல்லிவிடு. அவர் என் கூடப்பிறந்தவர், அவர் மகன் ராஜ்கமலை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் கல்யாண ஓலைக்கு எதிராக எழுந்து நிற்பது எனக்கு என்ன குதூகலமா? நடந்ததை என் வாயால் கேள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற அறிவிப்பில், முதல் ஞாயிறு ராஜ்கமலுக்கும் சிங்காரத்தின் மகள் பிரிசில்லாவுக்கும் ஓலை வாசித்தார்கள். ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளையாயிற்றே என்று பூரித்துப்போய், லட்டு வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறி அண்ணாமலை நகர் ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. டீச்சர், என்னை யாருமே கேக்கல, நர்சிங் கடைசி வருசம் முடிச்சிக்கிறேன்னு சொன்னதுக்கு அப்பா அடிச்சிட்டாரு, கல்யாணத்துக்கு அப்பறம் படிப்பு வேணாம்னு மாப்ள வூட்லயும் சொல்லிட்டாங்க என்று அழுதாள். நேராக மாமா வீட்டுக்குத்தான் போனேன். பொட்டப்புள்ளைங்க மொதல்ல அப்டித்தான் சொல்லுங்க, நீ கம்முனு இரு என்றார். சிங்காரம் கதவையே திறக்கவில்லை. பிறகு வேறு எங்கே போவேன்?

இரண்டாவது ஞாயிறு போதகர் ஓலை வாசித்து, இதற்குத் தடை ஏதாவது அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கலாம் என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, வழக்கம்போல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள், ஒருவராவது பதில் சொன்னதுண்டா? கேள்வி கேட்பது பதிலுக்காக என்பதையே சபை மறந்துவிட்டது. நான் எழுந்து, பெண்ணுக்குச் சம்மதம் இல்லை ஐயா என்றேன். ஆர்மோனியக்காரர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூப்பிட்டது. நெருங்கின உறவு, முந்தின கல்யாணம், இதெல்லாம்தான் தடை, பெற்றவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறது, இத்தனை வருடம் வேதம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு ஞானம் இல்லையா என்றார் போதகர். ஞானம் இருக்கிறது ஐயா, புத்தியும் இருக்கிறது, அதுதான் தொந்தரவு என்றேன். துணைக்கு வந்திருந்த உன் அப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்விட்டார். இரண்டும் ஒண்ணுதானே டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்டு வந்த சாலொமோன் ராஜா கதையை நான் சொல்வேன், உனக்கும் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்கே சேரவேண்டும் என்பது அந்த ராஜசபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அது ஞானம். இரண்டு பேரில் பெற்றவள் யார் என்று அறிய, பிள்ளையை இரண்டாக வெட்டச் சொல்லிவிட்டு ராஜா அவர்கள் முகத்தைப் பார்த்தானே, அது புத்தி. அவன் ஆண்டவரிடம் கேட்டது ஐசுவரியம் இல்லை, கேட்டு உணருகிற மனசு. பெற்றவர்களைக் கனம்பண்ண வேண்டும் என்று எனக்கும் தெரியும், பிரிசில்லாவுக்கு நானே மனப்பாடம் செய்துவைத்தேன். ஆனால் வசனம் தெரிந்த நாம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்றால் அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே சாலொமோன் கடைசிக் காலத்தில் ஞானம் அத்தனையும் கையில் இருந்தும் அந்நிய தேவர்கள் பின்னால் போய்ப் புத்தி கெட்டுப்போனதும் வேதத்தில்தான் இருக்கிறது, அதையும் கமிட்டியில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஞாயிறு பள்ளியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பயம் ஆண்டவரிடம்தான், கமிட்டியிடம் இல்லை.

மூன்றாவது ஓலையை நிறுத்த முடியாது என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார், வருகிற ஞாயிறு வாசிக்கிறார்கள். மறுபடியும் எழுந்திருக்கத் தயாராகத்தான் இருந்தேன். நேற்று பிரிசில்லா போன் செய்தாள். டீச்சர், இந்த வாரம் நீங்க உக்காந்துக்குங்க, நானே வரேன், நானே எழுந்து சொல்றேன் என்றாள். போனை வைத்தபிறகு வெகுநேரம் அழுதேன் ஆசீர், சந்தோஷத்தில்தான்.

பாப்பாவை வெயிலில் அலையவிடாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் மறக்காமல் முழங்கால் போடு. எனக்காக வேண்டாம், எழுந்து நிற்கும்போது அந்தப் பெண்ணின் குரல் நடுங்காமல் இருக்க வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மேரி கிரேஸ்