நீலத் துணி வெள்ளம்

இன்று காலை கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் பிரித்தபோது, நீளமாக ஒரு நீலப் பனியன் துணி வந்து விழுந்தது. புதுத் துணியின் அந்தச் சாய வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு அழுகை முட்டிக்கொண்டது. "ஏனுங்க்கா, கண்ணுல பஞ்சு விழுந்துருச்சுங்களா?" என்று பக்கத்து டேபிள் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அடி பாவித் தோழி, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் பஞ்சின்மேல் பழி போட்டுக்கொண்டு திரிகிறேன்.

பெருமாநல்லூர் லைன் வீடுகளுக்குப் பனியன் வேலை தேடி ஒடிசாக் குடும்பங்கள் வந்து இறங்கிய சமயம்தான் எல்லாம் தொடங்கியது. கடலோரத்து ஊராம், புயலில் வீடும் வயலும் போய்விட்டனவாம். பெரியவர்கள் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வாசற்படியில் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாரமெல்லாம் என்னோடு கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் குனிந்து கிடந்தவள், ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்தாயா? வேஸ்ட் துணி மூட்டையோடு அங்கே போய் உட்கார்ந்தாய். துணியைச் சுருட்டிப் பொம்மை, அட்டைப் பெட்டியில் வீடு. உனக்கென்ன வேண்டுதலா என்று திட்டிக்கொண்டேதான் நானும் கூட வந்தேன்.

அந்தப் பிள்ளைகள் விளையாடிய விளையாட்டு! அட்டை வீடுகளை அடுக்கி ஊர் கட்டும், பொம்மைகளைக் குடிவைக்கும். பிறகு நீலத் துணியை இருபக்கமும் பிடித்து, அலையடித்து இழுத்துவந்து, ஊரையே மூடிவிடும். மினி என்ற சிறுமி, முழுகிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்ட பொம்மை வெளியே வரும். முதலில் கூப்பிடுவது அவள் தம்பி பேரை. அவன் புயலில் போனவன் என்று அவள் அம்மா பிறகுதான் சொன்னாள்.

வாரா வாரம் இதே ஆட்டம். உன்னைத் தனியே இழுத்துச் சொன்னேன்.

"வேண்டாம் புள்ள, வேற ஏதாச்சும் வெளையாடச் சொல்லு. பாத்தாலே பதறுது."

"அட, சும்மா இரு புள்ள. நெசத்துல இதுகளக் கேட்டுட்டா தண்ணி வந்துச்சு? இங்காச்சும் இதுக சொன்னா வரட்டும், சொன்னாப் போகட்டும்" என்றாய்.

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். "ஞாயித்துக்கெழம வந்துருவேன்னு அதுககிட்டச் சொல்லீரு" என்றாய். சொன்னேன். நீ வரவில்லை.

உன்னை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். மினி ஒரு பொம்மை சுற்றி, உன்னைப் போலவே கொண்டை போட்டு, ஊருக்குள் வைத்தாள். நீலம் வந்து மூடியது. மற்ற பொம்மைகளையெல்லாம் கூப்பிட்டு எடுத்தார்கள். உன்னை மட்டும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கூப்பிட வேண்டுமாம். வாயைத் திறந்தேன், உன் பேர் வரவில்லையடி. தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மினி வந்து என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நம் ஊர்ப் பேச்சு அவளிடம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

"தம்பியும் நெசமா வரலீங்க அக்கா. வெளையாட்டுல மட்டுந்தானுங்க வருவான். நீங்க கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். துணியை விலக்கி உன்னை எடுத்து என் மடியில் வைத்தார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். உன் பேரை வாய்விட்டுச் சொல்வது அங்கே மட்டும்தான். கூப்பிட்டால் நீ வந்துவிடுகிறாய். திங்கட்கிழமை காலையில் உன் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லையடி.