ஏணியைப் பிடித்தவன்

ரிச்மண்ட், கலிபோர்னியா
4 மார்ச் 2011

அன்புள்ள கார்வெல் அண்ணனுக்கு,

சிறையில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? என் மகன் ஜேலனுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. கடிதம் போடுவதில் நீ மகா சோம்பேறி, அதனால் நானே தொடங்குகிறேன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது! வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு மாட்டும் இலவசப் பயிற்சி. வேலையில்லாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், என்னைப் போலத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் என்று பதினெட்டுப் பேர். பத்து வாரம் தாக்குப்பிடித்தால் மருத்துவக் காப்பீட்டோடு வேலை. ஜேலனின் மருந்துக்கு இனி யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆனால் யார்மேலாவது கை வைத்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நான் மூன்றாம் நாளே கை வைத்துவிட்டேன்.

நம் தம்பி கீனனைச் சுட்ட அன்று காரை ஓட்டியவன் டெவான்டே, ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்து என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். இடைவேளையில் அவனே என்னிடம் வந்தான். "காரை ஓட்டினது நான்தான். அவங்க சுட்டப்போ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல" என்றான். என் கையில் குறடு இருந்தது. அதோடு சேர்த்து அவன் வாயில் ஒரு குத்து விட்டேன். முன்பல் இரண்டும் சட்டைமேல் விழுந்தன. இன்னும் இரண்டு அடி கொடுத்தேன். அவன் கையைத் தூக்கவே இல்லை.

எங்கள் ஆசிரியை பெர்னெல் ஓடிவந்து, "யாரு அடிச்சது?" என்றார். வாய் நிறைய ரத்தத்தோடு, "ஏணியில மோதிக்கிட்டேன் மேடம்" என்றான் அவன்.

"ஏணி மூணு தரம் மோதிச்சாக்கும்!" என்று அவர் என் குறட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் ஒரே ஏணிக்கு ஜோடியாகப் போட்டுவிட்டார். நான் ஏறினால் அவன் கீழே பிடிக்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் பைத்தியமா என்று தெரியவில்லை.

உன் தங்கை,
ஒடெஸா

*

15 மார்ச் 2011

ஒடெஸா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்கும்போது பக்கத்துப் படுக்கைக்காரன், "யாரு, காதலியா?" என்று இளித்தான். அவன் தலையைச் சுவரில் மோதினேன். காது பாதி கிழிந்து தொங்கியது. தனிக்கொட்டடியில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பல்தானா உடைத்தாய்? கீனனுக்கு வயது பதினேழு. முகமே இல்லையென்று பெட்டியை மூடித்தானே அடக்கம் செய்தோம்? அந்தக் காரை ஓட்டியவன் பிடிக்கும் ஏணியில் ஏற உனக்குக் கால் கூசவில்லையா? மானங்கெட்டவளே!

சரி, போகட்டும். எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிட்டது. நீயும் பிழைக்க வேண்டும், ஜேலனும் மூச்சுவிட வேண்டும். உங்கள் முதல் கூரை எந்தத் தெருவில், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுது. அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, என் தங்கச்சி கூரைமேல் நிற்பதாக நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

உன் அண்ணன்,
கார்வெல்

*

24 மார்ச் 2011

அன்புள்ள அண்ணா,

திட்டினாலும் கடைசியில் மனம் இறங்கினாயே, படித்துவிட்டு அழுதேன்.

வரும் வியாழன், 31ஆம் தேதி, காலை பத்து மணி. பதினான்காம் தெருவில் ரயில் பாதையை ஒட்டிய மஞ்சள் வீடு. மின்கட்டணத்தைப் பார்த்தாலே அந்த வீட்டம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுமாம். எங்களுக்குக் கெளுத்தி மீன் பொரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டெவான்டேயோடு எனக்கு "ஏறு", "இறங்கு" தவிரப் பேச்சில்லை. நேற்று வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் முழங்காலைச் சுத்தியலால் நொறுக்கினான். அடுத்த அடி தலைக்குப் போனபோது குறுக்கே விழுந்து தோளில் வாங்கியவன் இவன்தான். நான் அவனை மன்னிக்கவில்லை, அண்ணா. ஆனால் அவன் பிடித்த ஏணி இதுவரை ஆடியதில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

நேரம் மறந்துவிடாதே. நானும் கூரையிலிருந்து உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஒடெஸா

*

9 ஏப்ரல் 2011

கார்வெல்,

வியாழன் பத்தேகால் மணிக்கு நான் ஏணியின் உச்சியில் இருந்தேன். தோளில் அலுமினியச் சட்டம், கீழே ஏணியைப் பிடித்தபடி டெவான்டே. கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. உன் கூட்டாளி டல்லி கண்ணாடியை இறக்கி, "கார்வெல் உன்னய விசாரிச்சான்டா, டெவான்டே!" என்று கத்தினான்.

ஏணியில் ஆள் இருக்கும்போது கீழே பிடிப்பவன் கையை எடுக்கக் கூடாது. எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான். வேலி அவனுக்கு நாலடி தூரத்தில் இருந்தது, தாண்டியிருந்தால் பிழைத்திருப்பான். முதல் குண்டு முதுகில் பாய்ந்தது. ஏணி அதிர்ந்ததே தவிரச் சாயவில்லை. "எறங்கு! வெரசா எறங்கு, ஒடெஸா!" என்று கத்தினான். இரண்டாவது இடுப்பில். நான் சட்டத்தை வீசிவிட்டு இறங்கினேன். அவசரத்தில் அவன் விரல்களை மிதித்தேன். என் இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகுதான் கையை எடுத்துக் கீழே சரிந்தான். டல்லி நிதானமாக இறங்கி வந்து, என் கண்ணெதிரே அவன் முகத்தில் சுட்டான். என் வாய்க்குள் அவன் ரத்தம் தெறித்தது.

"எல்லாம் ஒனக்காகத்தான் தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

டெவான்டேயையும் பெட்டியை மூடித்தான் அடக்கம் செய்தார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது தப்பிச்சியே கண்ணு" என்றாள். தெருவையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஓங்கி அறைந்தாள். இன்னும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

உன் கடிதத்தையும் டல்லியின் பெயரையும் போலீஸில் கொடுத்துவிட்டேன். நம் தெருவில் காட்டிக்கொடுத்தவளை என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஜன்னலில் ஏற்கெனவே இரண்டு குண்டு துளைத்தாகிவிட்டது. ஜேலனை வெளியூரில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறேன். நான் போகவில்லை, பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது.

"கூடப் பொறந்தவன்மா, நல்லா யோசிச்சியா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். யோசித்துவிட்டேன். நீதிமன்றத்தில் உன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதற்குப் பிறகு உனக்கு நான் இல்லை.

கீனனைக் கொன்றவர்கள் என் தம்பியை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கொலையில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கார்வெல். நீ சேர்த்துக்கொண்டாய்.

ஒடெஸா