நீ படித்து வைத்த பாதி

கழுவலாம் என்று டிபன் பையை உதறினேன். அடியிலிருந்து மடித்த பேட்டர்ன் பேப்பர் ஒன்று விழுந்தது. துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் நீ எழுதியது. நான்கு வரி, நான்கிலும் ‘ஃபாஸ்ட்’ என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்குக் கீழே கோடு. எது நவுன், எது வெர்ப் என்று மட்டும் எழுதவில்லை. அதை வாயால் சொல்வதாக இருந்தாய். நாளைக் காலை பத்தாவது இங்கிலீஷ் பரீட்சை.

நம்மைப் போன்ற புத்திசாலிகள் பெங்களூர் பொம்மனஹள்ளியிலேயே இருந்திருக்க மாட்டார்கள். கார்மென்ட்ஸில் நாளெல்லாம் தைத்துவிட்டு முழுப் புத்தகத்தையும் யார் படிப்பது என்று பாடத்தையே பாதியாக வெட்டிக்கொண்டோம். இலக்கணம் உனக்கு, கடிதமும் கட்டுரையும் எனக்கு. கடைசி வாரம் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு. அந்த வாரத்துக்கு நீ இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினாய். “வார்த்தைக்குன்னு சொந்த ஜாதி கெடையாதுடி. நிக்கிற எடத்துல இன்னா வேல செய்யுதோ அதான் அதுக்குப் பேரு. நேத்து காலர் தெச்ச, சூப்பர்வைசர் உன்ன காலர்னு கூப்ட்டான். இன்னிக்கு கைப்பட்டி தெக்கிற, கஃப் ஆயிட்ட இல்ல?” அதற்குள் பெல் அடித்துவிட்டது, பேப்பரை மடித்து என் டிபன் பையில் போட்டாய்.

காய்ச்சலோடு ஒரு வாரம் வேலைக்கு வந்தாய், பிறகு ஆஸ்பத்திரி. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, “பேப்பர எடு, இப்பவே சொல்லிடறேன்” என்றாய்.

“வந்து சொல்லு. இன்னா அவசரம்?” என்றேன்.

அந்தப் பாடத்தை வாங்கிக்கொண்டால் நீ போய்விடுவாய் என்று பயந்தேன். வாங்காமலும் போய்விட்டாய்.

எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி மிஷினில் உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸானால் கம்பெனி ஸ்டோரில் ரிஜிஸ்டர் எழுதும் வேலை. இல்லாவிட்டால் என் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு எங்கிருந்து வரும்? ஏற்கெனவே இரண்டு முறை இங்கிலீஷில் போயிற்று. போனில் தேடினேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நீ சொன்னபடி வேலையைப் பார்க்கிறேன். அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதமும் ஃபாஸ்ட்தான், அது நவுன். விரதம் இருப்பது வெர்ப். ஃபாஸ்ட் டிரெயினும், ஃபாஸ்ட்டாக ஓடுவதும் மட்டும் எனக்குப் பிரியவே மாட்டேன் என்கின்றன. உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் போய்க் கேட்பேன், நீயே சொல்லு.

உன் மிஷினில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உன்னைப் போலவே அவளையும் ‘காலர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் அப்படிக் கூப்பிட இன்னும் வாய் வரவில்லை.

என் பாதி பத்திரமாக இருக்கிறது. கடிதத்தை எப்படித் தொடங்குவது, எங்கே கையெழுத்துப் போடுவது, எல்லாம் மனப்பாடம். உனக்குச் சொல்லித்தர வைத்திருந்தது. அதன்படியே இதையும் எழுதிவிட்டேன். தேதி போட்டாயிற்று, என் பெயரும் போட்டாயிற்று. உன் விலாசம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.