சயோவின் ஃப

கோபே, நவம்பர் 21

அன்புள்ள சயோ,

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று சொல்கிறார்களாம். தவறு. கிறிஸ்துமஸ் திருப்பலியில் இந்த வருடம் ஆங்கில வாசகம் படிக்கமாட்டேன் என்று பாதிரியாரிடம் சொன்னேன்; அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை. நேற்று டோஃபு கடைக்காரி நேராகவே கேட்டாள்: "ஏம்மா, உங்க சிநேகிதிக்கும் ஒரு வாசகம் கொடுத்துட்டாங்கன்னுதான் நீங்க முறுக்கிக்கிட்டீங்களாமே?" டோஃபுவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் அதை நம்பியே விட்டிருப்பாள்.

காரணம் இதுதான். அக்டோபரில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. என் கணவர் இறந்தபின் வீட்டில் யாருமில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. கட்டிய பல், கீழுதடு பட்டாலே ஆடுகிறது. ப, ம எல்லாம் வருகின்றன. அவற்றுக்கு இரண்டு உதடுகள் போதும். ஆங்கில ஃப வரவில்லை. நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஒலியோ வெறும் சீழ்க்கை. கான்வென்டில் சிஸ்டர் பெர்னாடெட்டிடம் படித்தவள் இப்படிப் போய் நிற்கமுடியாது. முகக்கவசம் போட்டுத் திரிவதும், ஸ்டேஷனில் உன்னிடம் பேசாமல் நகர்ந்ததும் அதனால்தான்.

யாரிடமும் சொல்லாதே.

மிட்சூயே குவபாரா


அஷியா, நவம்பர் 27

அடி மிட்சூயே,

விழுந்ததை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஸ்டேஷனில் நீ தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனதும், "அத்தை, அவங்கதானே உங்க உயிர்த்தோழி?" என்று மருமகள் கேட்டாள். ரயில் சத்தத்தில் காதில் விழாததுபோல் நின்றேன். நம் வகுப்பில் மிச்சமிருப்பது நாம் இருவர். நீயும் என்னை விட்டு விலகிவிட்டாய் என்றே நினைத்தேன்.

சிஸ்டர் நம் வாயருகே மெழுகுவர்த்தி பிடித்தது நினைவிருக்கிறதா? ஃப சொன்னால் சுடர் சாய வேண்டும், அணையக்கூடாது. நான் நம் ஜப்பானிய மொழியில் ஃபூஜி மலையைச் சொல்கிற மாதிரி இரண்டு உதட்டாலும் ஊதி அணைத்துவிட்டேன். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நீதான். "பல்லை உதட்டுல வைடி, சூப்பையா ஆத்துறே!" என்று இன்றுவரை திருத்துகிறாய்.

என் ஃபவுக்குப் பல்லே வேண்டாம், மிட்சூயே. எடுத்துக்கொள். அதில் குறை கண்டவள் உன்னைத்தவிர யாருமில்லை. நீ வாசிக்காவிட்டால் நானும் வாசிக்கப் போவதில்லை. கோயிலில் நமக்குச் சண்டை என்றே பேசிக்கொள்ளட்டும்.

உன் சயோ


கோபே, டிசம்பர் 3

அன்புள்ள சயோ,

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது. உன் ஃபவை நான் சொல்வதா?

பிறகு கண்ணாடி முன் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கை தானாக வாயை மூடப் போனது. அப்படி மூடுபவர்களை நானே எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! கையை இறக்கிவிட்டு, பல்லை மறந்து, உதடுகளை மட்டும் குவித்துச் சொன்னேன். அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. உதடுகளை லேசாக மட்டும் திறந்து, அவசரப்படாமல் மூச்சை விட்டபோது சுடர் சாய்ந்து நின்றது. ஆக, இத்தனை வருடமும் உன் உதடுகளில் குற்றமில்லை. நீ ஊதும் வேகத்தில்தான். இதையும் திருத்தாமல் விட என்னால் முடியவில்லை.

பாதிரியாரிடம் வாசிப்பதாகச் சொல்லிவிட்டேன். முகக்கவசம் கிடையாது. என் பகுதியில் வானதூதர் வாய் திறந்ததுமே ஃப வருகிறது. "ஃபியர் நாட்", அஞ்சவேண்டாம் என்கிறார், அவருக்கென்ன, பல் இருக்கிறது. நான் உன்னுடையதைச் சொல்கிறேன்.

உன் வாசகம் முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய் அங்கிருந்து கேள். வாசலில் என்னைப் பிடித்து எதுவும் சொல்லாதே. நீ வாயைப் பொத்திக்கொண்டு "அருமைடி" என்பாய், நான் நம்பமாட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்து, எப்படி இருந்தது என்று எனக்குக் கடிதம் எழுது.

மிட்சூயே