கொடியில் காய்ந்த சம்பளம்

பிப்ரவரி 5

ஓட்டலில் அறையெல்லாம் நிரம்பியிருக்கிறது. சலவை அறையில் நானும் ஒட்டடைக்குச்சியும் – கூட மடிக்கிற நெட்டைப் பையனுக்கு நான் வைத்த பெயர் – முந்நூறு படுக்கை விரிப்பு மடித்தோம். அந்த முனையில் அவன், இந்த முனையில் நான். அவன் கை கூரையைத் தொடும், நான் எக்கினாலும் அவன் நெஞ்சுக்கு எட்டாது. நடுவில் விரிப்பு சறுக்குமரம் போல நிற்கும். ஆனாலும் மடிப்பு ஒரு நூல் பிசகாது. அவனுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அந்த நன்றியோ என்னவோ, பதினொரு வருஷமாக நாலு மணி டீ அவன் செலவு. மகராசன்.

பிப்ரவரி 6

இடுப்பு வலி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 8

சலவைக்கு வரும் சட்டைப் பைகளைத் துழாவுவதும் என் வேலை. ஒருமுறை பல்செட்டே வந்தது. இன்று ஒட்டடைக்குச்சியின் சீருடையை மட்டும் பார்க்காமல் போட்டுவிட்டேன், நம்ம பையன்தானே என்று. துவைத்து முடித்தால் பைக்குள் ஒரு காகித உருண்டை. பிரித்தேன் – அவன் சம்பளச் சீட்டு. திருப்பிக் கொடுக்கத்தான் இஸ்திரி போட்டு நிமிர்த்தினேன். சத்தியமாக. எழுத்து அழியவில்லை.

நான் ஐந்து நாள் மடித்தால் வருவது அவனுக்கு நாலே நாளில் வருகிறது. விரிப்பு ஒன்றுதானே? அவன் முனையில் மட்டும் தங்கம் நெய்திருக்கிறதா?

அவனிடமே கேட்டேன். சீட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. சம்பளம் வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு மேனேஜர் சொல்லியிருக்கார்."

"உனக்கு மட்டும் ஏண்டா கூட?"

"ஆம்பளைன்னா குடும்பத்தைக் காப்பாத்தணுமாம்."

இவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். வீட்டுக்காரரையும் சேர்த்தால் ஐந்து, அவர் ஒருத்தரே ரெண்டு பிள்ளைக்குச் சமம்.

பிப்ரவரி 9

என் மடிப்பு பிசகியதைப் பார்த்து, காய்ச்சலா என்று மேனேஜரே கேட்டார். அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. சும்மா விடவும் முடியாது. பதினொரு வருஷமா நான் என்ன அரைக் கையாலயா மடிச்சேன்?

பிப்ரவரி 12

என் சம்பளச் சீட்டைத் துண்டுகளுக்கு நடுவே கொடியில் க்ளிப் போட்டு மாட்டினேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? சம்பளம்ங்கிறது அந்தரங்கம்."

"ஊரான் ஜட்டியெல்லாம் வரிசையா தொங்குது சார். இதுலதான் அந்தரங்கமா? ஈரமாயிடுச்சு, காயப் போட்டேன்."

வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர், "இருக்கிற வேலையும் போயிடப் போகுது" என்றார். போனால் நாள் முழுக்க உங்களோடுதான் இருப்பேன் என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

பிப்ரவரி 13

இஸ்திரிக்காரம்மாவும் மாட்டினாள். சாயங்காலத்துக்குள் ஏழு பெண்களின் சீட்டும் காய்கிறது. ஆண்கள் பக்கம் வெயில் இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 15

மேனேஜர் நிற்கும்போதே ஒட்டடைக்குச்சி வந்தான். இஸ்திரி போட்ட அந்தச் சீட்டை எனக்கு எட்டாத உச்சிக் கொடியில் மாட்டினான். "அக்காதான் சார் எனக்கு மடிக்கவே சொல்லிக்குடுத்தாங்க" என்றான். எல்லோரும் அண்ணாந்து படித்தோம்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "அவன் உயரம்மா, மேல் தட்டெல்லாம் எட்டும்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். "இப்ப நானும் உயரம் சார். இன்னையிலிருந்து கூடக் குடுப்பீங்களா?"

இவனை வேலையை விட்டு அனுப்பினால் விரிப்பில் என் முனையும் தரையில்தான் என்று வாளி மேலிருந்தே சொல்லிவிட்டேன். இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதலாளியிடம் பேசுகிறேன் என்று போனார் மேனேஜர். அவர் தலை மறைந்த பிறகுதான் வாளியிலிருந்து இறங்கினேன்.

மார்ச் 1

சுவரில் சம்பளப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். 'மடிப்பவர்' என்று ஒரே வரி. எதிரே ஒரே தொகை, அவன் வாங்கிய அதே தொகை. ஆண், பெண், நெட்டை, குட்டை எதுவும் இல்லை. ஒட்டடைக்குச்சி வாய்விட்டு இரண்டு முறை படித்துக் காட்டினான்.

ஏப்ரல் 2

புதுச் சீட்டு வந்தது. அவனுடையதையும் என்னுடையதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பிசகில்லை.

நாலு மணிக்கு வழக்கம்போல அவன் பைக்குள் கையை விட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பதினொரு வருஷ டீ நன்றிக்கு இல்லை, கூடச் சம்பளம் உறுத்தியதற்கு என்று இப்போதுதான் உறைத்தது; அவன் மேல் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

இன்று டீ என் செலவு. பன்னும் கேட்டான், கொழுப்பெடுத்தவன். நாளைக்கு அவன் முறை.